கூடிப் படித்தலும் ஊர் நலமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விழா மலர் என்றால் கோயில் கட்டிய வரலாறும், பங்குத் தந்தையர் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறும். அவை வேண்டியவையே. ஆயினும் நம் சுற்றுவட்டாரக் கிராமங்களின் வாழ்வோடு ஒட்டிய வேறொரு வரலாறும் உண்டு. நாலு பேர் கூடி ஒரு புத்தகத்தைப் படித்து, “இந்த நோய் நமக்கு ஏன் வருகிறது? ஏழை வீட்டுக்கே ஏன் அடிக்கடி வருகிறது?” என்று கேட்கத் தொடங்கிய வரலாறு அது. அதனை அபிஷேகப்பாக்கத்துப் பங்கு மக்கள் முன் வைக்க விழைகிறேன்.

முதலில் ஒரு சிறு பிரசுரத்தின் கதை. ஸ்காட்லாந்தில் 1837இல் பிறந்த ஆக்னஸ் மக்லாரன் அம்மையார், பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் டாக்டர் ஆனவர். அறுபது வயதளவில் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். அந்நாளில் இந்தியாவில் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல மாட்டார்கள். பெண் மருத்துவர்களோ மிகச் சிலர். பிரசவத்தில் தாயும் சேயும் மடிந்தனர். கன்னியர் இப்பணியை ஏற்கலாமே என்றால், திருச்சபைச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. அத்தடையை நீக்கக் கோரி அம்மையார் தள்ளாத வயதிலும் பலமுறை உரோமாபுரி சென்று மன்றாடினார். பலன் காணாமலே 1913இல் கண்மூடினார்.

அவரைப் பற்றிய பிரசுரம் ஒன்று, 1915 அக்டோபர் 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மேரி குளோரி என்னும் இளம் மருத்துவர் கையில் கிடைத்தது. இந்தியக் குழந்தைகளின் சாவுக் கணக்கை அதில் படித்தவர், தம் அழைத்தல் எதுவென உணர்ந்தார். 1920இல் குண்டூர் வந்து இயேசு மரி சூசை சபைக் கன்னியரானார். பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் தந்த தனி அனுமதியின்பேரில் வைத்தியமும் பார்த்தார். பொதுத் தடை நீங்குவதற்கு 1936 ஆயிற்று. 1943இல் அவர் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கம் பின்னர் நாடெங்கும் கிளைத்தது. 1957இல் மறைந்த அவரை 2013இல் இறை ஊழியர் எனத் திருச்சபை அறிவித்தது. ஒரு சட்டத்தை மாற்ற இத்தனை ஆண்டுகளா, அதற்குள் எத்தனை தாய்மார் போனார்களோ என்று கேட்பது தவறாகாது. மக்லாரன் அம்மையார் கேட்டதும் அதைத்தான்.

நிற்க. ஆஸ்பத்திரி கட்டினால் மட்டும் நோய் ஓடிவிடுமா? 1974இல் இந்தியாவில் இளம் மருத்துவர் சிலர் ‘மெடிகோ ஃபிரண்ட் சர்க்கிள்’ என்ற நட்பு வட்டத்தை அமைத்து இக்கேள்வியைக் கையிலெடுத்தனர். அவர்கள் கூட்டம் நடத்தும் முறை விசித்திரமானது. கட்டுரைகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் படித்துவிட்டு வரவேண்டும். மேடையில் வாசிப்பது கிடையாது. வட்டமாய் அமர்ந்து விவாதம் மட்டுமே. மாலையும் பொன்னாடையுமாகப் பொழுதைக் கழிக்கும் நம் கூட்டங்களை எண்ணினால் பொறாமையாகத்தான் இருக்கிறது!

இதே காலத்தில் மெக்சிகோ நாட்டு மலைக்கிராமங்களில் பணியாற்றிய டேவிட் வெர்னர், மருத்துவர் இல்லாத இடத்தில் பயன்படும்படி ஒரு நூலைப் படங்களோடு எழுதினார். 1977இல் ஆங்கிலத்தில் வந்தது. பின்னர் தமிழ் உட்படப் பல மொழிகளுக்குச் சென்றது. 1982இல் வேறொருவரோடு சேர்ந்து அவர் எழுதிய அடுத்த நூல், “ஆனால் ஏன்?” என்று விடாமல் கேட்கும் ஒரு விளையாட்டைக் கற்பிக்கிறது. நம்மூர் வழக்கில் சொல்லிப் பார்ப்போம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஏன்? தண்ணீர் கெட்டது. ஏன்? குழாய் சாக்கடையோரம் போகிறது. ஏன்? அந்தத் தெருவுக்கு ஒழுங்கான வடிகால் கிடையாது. அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் கிடையாது? இங்கே வந்ததும் பேச்சு மருந்தை விட்டு நியாயத்திற்கு வந்துவிடுகிறது.

மருந்து வேண்டாமென்று சொல்லவில்லை. 1971இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே சாவை நூற்றுக்கு முப்பதிலிருந்து நான்குக்கும் கீழே இறக்கினார். அந்தக் கரைசலை ஒரு தாய் சரியான அளவில் கலக்க வேண்டுமானால், செய்முறை அவளுக்குப் புரியும் மொழியில் அவள் கைக்கு வந்தாக வேண்டும்.

நம் புதுவையில் இவ்வேலையைச் செய்தவர்களுள் முக்கியமானவர்கள் 1985இல் தோன்றிய புதுவை அறிவியல் இயக்கத்தார். எண்பதுகளின் இறுதியில் எழுந்த அறிவொளி இயக்கத்தில், மாலை நேரங்களில் தொண்டர்கள் கிராமப் பெண்களோடு அமர்ந்து எழுத்தறிவித்தனர். எழுத்தோடு குடிநீர், கூலி, பிள்ளை நலம் எல்லாம் பேச்சில் வந்தன. ஜிப்மரில் பேராசிரியராயிருந்த டாக்டர் தி. சுந்தரராமன் இவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். பின்னாளில் சத்தீஸ்கர் மாநிலத்தில் ‘மித்தானின்’ என்னும் ஊர்ப்புற நலப்பணிப் பெண்கள் திட்டத்திலும் பெரும்பங்கு ஆற்றினார்.

பின்னர் 2000ஆம் ஆண்டு. “2000க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு” என்று 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்க, மக்கள் இயக்கங்கள் திரண்டன. அதற்கு முன்தயாரிப்பாக ஐந்து சிறு நூல்கள் அச்சிடப்பட்டன. படித்து விவாதித்தவர்கள் ரயிலேறிக் கல்கத்தா மாநாட்டுக்குப் போனார்கள். அங்கு இருபது அம்சச் சாசனம் ஒன்று எழுந்தது. அதே டிசம்பரில் வங்கதேசத்துச் சாவரில் உலக மக்கள் நலவாழ்வு மாநாடும் கூடிற்று.

1991இல் புதுவை மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர். 2011இல் ஏறத்தாழ 86. எழுத்தறிந்தோர் பெருகிவிட்டனர். கூடிப் படிப்போர்தாம் அருகிவிட்டனர் என்பது என் எண்ணம். சபைக் கூட்டங்களிலோ, மாதர் சங்கத்திலோ, மாதம் ஒருமுறை ஓர் அத்தியாயம் படிக்கப் பத்துப் பேர் இருந்தால் போதும். செலவும் அதிகமில்லை. வெர்னர் தம் நூலின் தொடக்கத்திலேயே, இலாபம் கருதாமல் ஏழைகளுக்காகப் பிரதியெடுப்போர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்.