காலாப்பட்டு: எல்லையும் இசைவும்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே செல்லும்போது, முத்தியால்பேட்டையை அடுத்துக் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்கள் குறுக்கிட, அவற்றுக்கு அப்பால் உள்ள காலாப்பட்டு மீண்டும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்கு உரியதாக அமைந்துள்ளது. இத்தகைய நிலத்திட்டுகள், பிரெஞ்சுக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் பெற்ற உரிமைகளின் எச்சமாகும். 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை 1792 சனவரி 1 அன்று பிரான்சு வைத்திருந்த இடங்களை மட்டுமே திருப்பியளித்ததால், இடைப்பட்ட நிலங்கள் ஆங்கிலேயரிடமே தங்கின.

பின்னர் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வரும் வேளையில், 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த கீழூரில் வாக்களித்த 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது. நிலத்தின்மீதான இறையாண்மையை முறைப்படி ஒப்படைக்கும் ஆவணமாகிய இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே மாற்ற வேண்டும் என்பது அதன் இரண்டாம் உறுப்பு தந்த உறுதிமொழி.

அவ்வுறுதிமொழியின் அருமை ஓர் ஒப்பீட்டில் விளங்கும். அமெரிக்க அரசியலமைப்பு, ஒரு மாநிலத்தின் நிலத்திலிருந்து புதிய மாநிலம் அமைக்க அம்மாநிலச் சட்டமன்றத்தின் இசைவும் காங்கிரசின் இசைவும் தேவை என வரையறுத்தது. வர்ஜீனியா இசைந்த பின்னரே 1792-இல் கென்டக்கியும், மாசசூசெட்சு இசைந்த பின்னரே 1820-இல் மெய்னும் தனி மாநிலங்களாயின. இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்போ, மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்குமாறு மட்டுமே பணிக்கிறது. அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவேதான், ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் மாநிலப் பிரிவினை மசோதாவை நிராகரித்த பின்னும் 2014 சூன் 2 அன்று தெலங்கானா உருவாயிற்று.

இந்நிலையில், மாநிலங்களுக்கே இல்லாத ஓர் இசைவுரிமைக்கு நிகரான வாக்குறுதியைச் சிறு ஒன்றியப் பிரதேசம் ஒன்று பெற்றிருந்தது. 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் காலத்தில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் கருத்து எழுந்தபோது, அதன் மக்கள் கிளர்ந்தெழுந்து எதிர்க்க, அது கைவிடப்பட்டது. இணைப்பு நிகழாததால், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய மத்தியப் பல்கலைக்கழகம் இயங்கும் காலாப்பட்டுக்கு நகரிலிருந்து செல்வோர், இன்றும் மாநில எல்லையை இருமுறை கடந்தே செல்கின்றனர்.