பட்டனுக்கும் மெஷினுக்கும் நடுவுல: காஞ்சிபுரம் தறிகளின் என்கோடர் கதை

வீட்லயே ஆர்கேட் கேபினெட் செய்யப் போறவங்க நிறைய பேர், போர்டு எதை வாங்கறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க. அதனால இன்னிக்கு எபிசோட் என்கோடர் பத்தி. ஆனா பாதி வழியில உங்களைக் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். காரணம் இருக்கு, கூடவே வாங்க.

முதல்ல அடிப்படை. ஆர்கேட் பட்டன்ங்கறது ரெண்டு கம்பி ஒட்டற ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அது புரியாது. நடுவுல ஒரு போர்டு உட்கார்ந்து, "மூணாவது பட்டன் அழுத்தியாச்சு"ன்னு கம்ப்யூட்டர் பாஷையில சொல்லணும். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் என்கோடர்.

1997-ல மேம் எமுலேட்டர் வந்த பிறகுதான் பழைய ஆர்கேட் கேம்களை வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஆடறது பரவலாச்சு. அப்போ கேபினெட் கட்டினவங்க பலர் பழைய கீபோர்டைப் பிரிச்சு, உள்ள இருக்கற சின்ன போர்டுல கம்பியை சால்டர் பண்ணாங்க. செலவே இல்லை. ஆனா கீபோர்டுக்குள்ள ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது, வரிசையும் பத்தியுமா ஒரு கட்டம்தான் இருக்கும். அந்தக் கட்டத்துல ஒரு சதுரத்தோட மூணு மூலையை ஒண்ணா அழுத்தினா, நாலாவது மூலையும் அழுத்தின மாதிரி தெரியும். இதைத்தான் கோஸ்டிங்னு சொல்றோம். ரெண்டு பேர் சேர்ந்து சண்டை கேம் ஆடும்போது நீங்க அடிக்காத கிக் தானா விழும், இல்லன்னா அடிச்ச கிக் காணாமப் போகும்.

அதுக்கு மாற்றா வந்ததுதான் ஐ-பேக் மாதிரி போர்டுகள். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி இன்புட். அப்புறம் ஜீரோ டிலேன்னு பேர் வச்ச மலிவான யுஎஸ்பி போர்டுகள் வந்துது. பேர்ல ஜீரோ இருந்தாலும், தாமதமே இல்லாத போர்டுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு நொடிக்கு 125 தடவை கேட்டா 8 மில்லிசெகண்ட் இடைவெளி, 1000 தடவை கேட்டா 1 மில்லிசெகண்ட். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடற கேம்ல ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்ட். அப்போ 8 மில்லிசெகண்ட்ங்கறது பாதி ஃபிரேம். இப்போ ராஸ்பெர்ரி பை பீக்கோ போர்டுல ஜிபி2040-சிஇங்கற ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரைப் போட்டு நாமே என்கோடர் செஞ்சுக்கலாம். அந்த பீக்கோ வந்ததே 2021 ஜனவரியிலதான்.

ஆக, எந்த என்கோடரை எடுத்தாலும் மூணு கேள்வி. ஒரே நேரத்துல எத்தனை இன்புட் தாங்கும்? எவ்வளவு வேகம்? கெட்டுப் போனா யார் சரி பண்ணுவாங்க? முதல் ரெண்டுக்கும் ரிவ்யூ வீடியோ கொட்டிக் கிடக்கு. மூணாவதைப் பத்தி யாரும் பேசறதில்லை. அதைப் புரிஞ்சுக்க, வீட்டுக்குள்ளயே மெஷினை வச்சுக்கிட்டு தலைமுறை தலைமுறையா இதே முடிவை எடுத்துட்டு இருக்கிற ஒரு ஊருக்குப் போகணும். அதுதான் காஞ்சிபுரம்.

முடிச்சுல இருந்த புரோகிராம்

பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீட்ல, வீட்டோட ஒரு பாகமாவே தறி இருக்கும். பழைய வீடுகள்ல தரையில குழி தோண்டி அதுல காலை விட்டு உட்கார்ந்து நெய்யற குழித்தறி. நீளவாக்குல ஓடற நூல் பாவு, குறுக்கே போற நூல் ஊடை. டிசைன் வரணும்னா ஒவ்வொரு ஊடைக்கும் எந்தப் பாவு நூல் மேல போகணும், எது கீழ இருக்கணும்னு யாராவது முடிவு பண்ணணும். மேல, கீழ. ஒண்ணு, பூஜ்யம். துணிங்கறதே ஒரு பைனரி ஃபைல்தான்.

பழைய காஞ்சிபுரத்துல இந்த ஃபைல் இருந்த இடம் அடை. பாவு நூல்களோட இணைச்ச கயிறுகள்ல டிசைனைக் கட்டி வைக்கிற முறை இது. மயில்கண், ருத்ராட்சம், யாளி எதுவா இருந்தாலும் அது தறியிலயே முடிச்சுகளா இருக்கும். நெய்யறவர் ஒருத்தர், வரிசை மாறாம கயிறை இழுத்துத் தர இன்னொருத்தர். டிசைனை மாத்தணும்னா மறுபடி கட்டணும். அதாவது புரோகிராமும் மெஷினும் ஒட்டிக்கிட்டு இருந்த காலம். ஆனா மூணாவது கேள்விக்கு அப்போ பதில் ரொம்ப சுலபம். கட்டினவங்க ஊர்லயே இருக்காங்க, கெட்டா அவங்களே சரி பண்ணிடுவாங்க.

லியோனிலிருந்து வந்த அட்டை

இதே பிரச்சினை பிரான்ஸ்ல லியோன் பட்டுத் தறிகள்லயும் இருந்தது. அங்கயும் கயிறு இழுக்க ஒரு உதவியாள், பல நேரம் ஒரு சின்னப் பையன். 1725-ல பஸில் பூஷோன் துளை போட்ட காகிதச் சுருளை வச்சு நூலைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார். அவருக்குப் பிறகு ஃபால்கோன் அதைத் தனித்தனி அட்டைகளா மாத்தினார், வோகான்சோன் இன்னும் கொஞ்சம் தள்ளிட்டுப் போனார். இதையெல்லாம் சேர்த்து, ஒரே ஆள் ஓட்டக்கூடிய கருவியா 1804-ல ஆக்கினவர் ஜோசப் மரி ஜக்கார்டு.

அது வேலை செய்யற விதம் ரொம்ப அழகு. தறிக்கு மேல ஒரு பெட்டி, அதுல வரிசையா கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ஊசி. மிதியை மிதிக்கும்போது ஒரு அட்டை வந்து ஊசிகள் மேல அழுந்தும். அட்டையில துளை இருந்தா ஊசி உள்ள போயிடும், கொக்கி அதே இடத்துல நிக்கும், மேல தூக்கற கத்தி அதைத் தூக்கிடும். துளை இல்லன்னா அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகிடும், நூல் கீழயே இருக்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை.

காஞ்சிபுரமும் இதுக்கு மாறிச்சு. அடையிலிருந்து அட்டைக்கு. இப்போ டிசைன் தறியிலிருந்து கழண்டு, கையில தூக்கிட்டுப் போகக்கூடிய ஒரு பொருளாச்சு. அட்டைக் கோர்வையை மாத்தினா அதே தறி வேற டிசைன் நெய்யும்.

நம்ம என்கோடருக்கு நிஜ அண்ணன் யாருன்னா, அந்த அட்டையில துளை போடற மெஷின்தான். டிசைனர் முதல்ல கட்டம் போட்ட தாள்ல கரையையும் முந்தானையையும் வரைவார். அட்டை அடிக்கிறவர் அந்தத் தாளை வரி வரியாப் படிச்சு துளை போடுவார். நெசவுத் தொழில்நுட்பத்துல இதுக்கு பியானோ மெஷின்னு ஒண்ணு உண்டு. விரலால சாவிகளை அழுத்தி, காலால மிதிச்சா, அழுத்தின இடத்துல மட்டும் துளை விழும். விரல் அழுத்தம் உள்ள போகுது, மெஷினுக்குப் புரியற ஒண்ணும் பூஜ்யமும் வெளிய வருது. ஆர்கேட் போர்டு செய்யற அதே வேலை.

ஒரு சின்னக் கணக்கு. 240 கொக்கி இருக்கிற ஜக்கார்டு, 480 ஊடை ஓடற ஒரு முந்தானை டிசைன்னு வச்சுக்குவோம். 480 அட்டை, ஒவ்வொண்ணுலயும் 240 இடம். பெருக்கினா 1,15,200 பிட். ஆர்டுயினோவோட விளையாடினவங்க இந்நேரம் சிரிச்சிருப்பீங்க, சீரியல் மானிட்டர்ல நாம போடற அதே 115200. பைட்டா மாத்தினா 14,400. நம்ம ஃபோன்ல ஒரு சாதாரண ஃபோட்டோவை விட எவ்வளவோ சின்னது. ஆனா அட்டையா அடுக்கினா தோள்ல சுமக்கற பாரம்.

இந்த அட்டை நம்ம தொழிலுக்கும் தாத்தா. 1839-ல லியோன்ல ஜக்கார்டோட உருவத்தையே 24,000 அட்டை வச்சுப் பட்டுல நெய்தாங்க. அதுல ஒண்ணை சார்லஸ் பாபேஜ் வாங்கி வச்சிருந்தார். தன்னோட அனலிட்டிகல் எஞ்சினுக்கு அட்டை வழியா கட்டளை கொடுக்கத் திட்டம் போட்டவர் அவர். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையிலதான் எண்ணினார்.

அட்டைக்கு எட்டாத வேலை

இங்க ஒரு விஷயத்தை நாம கவனிக்கணும். ஜக்கார்டு வந்ததும் கயிறு இழுக்கற ஆள் தேவையில்லாமப் போச்சுன்னு பாடப் புத்தகத்துல படிக்கிறோம். காஞ்சிபுரத்துல கதை அங்க முடியலை. காஞ்சிபுரப் பட்டோட அடையாளம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை முற்றிலும் வேற நிறம், ரெண்டும் சேர்ற இடத்துல ஊடை நூல்கள் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கும். அதுக்கு மூணு நாடா வேணும். நெய்யறவர் ஒருத்தரால மட்டும் அதை ஓட்டறது கஷ்டம்ங்கறதால பக்கத்துல உதவிக்கு ஒரு ஆள் உட்காருவாங்க.

ஜக்கார்டு முடிவு பண்றது பாவு நூலை மட்டும். நாடாவைத் தள்ளற கையை அது தொடவே இல்லை. அதனால அந்தப் பக்கத்து இருக்கை காலியாகலை. பல வீடுகள்ல, பல பட்டறைகள்ல, அதுல உட்கார்ந்தது குழந்தைங்க. முன்பணக் கடனுக்கு ஈடா வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தைங்களும் உண்டு. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துது. அதுக்கப்புறமும், 2003-ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமைக் குழந்தைகளைப் பத்தி வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரம் இருக்கு. லியோன்ல ஒரு மெஷின் எடுத்த வேலையை இங்க பள்ளிக்கூடமும் சட்டமும் பிரச்சாரமும் சேர்ந்து செய்ய வேண்டியிருந்தது. எந்த இன்புட்டை நம்ம கருவி கண்டுக்கலையோ, அங்க ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு என்ன வயசுன்னு போர்டு கேட்காது.

பென் டிரைவ் வந்த பிறகு

இப்போ மூணாவது தலைமுறை, எலக்ட்ரானிக் ஜக்கார்டு. அட்டை கிடையாது. கம்ப்யூட்டர்ல வரைஞ்ச டிசைன் பென் டிரைவ்ல வரும், அதை வச்சு மின்காந்தம் ஒவ்வொரு கொக்கியையும் தேர்ந்தெடுக்கும். டிசைனை மாத்த நிமிஷக் கணக்குதான் ஆகும். அட்டை அடிக்கிற செலவு இல்லை, மழைக்காலத்துல ஈரம் ஏறி உப்பற அட்டையும் இல்லை. மிதிக்குப் பதிலா மோட்டார் வச்சுத் தூக்கற கருவியும் இருக்கு. வருஷக்கணக்கா ஜக்கார்டு எடையைக் காலால தூக்கின முட்டிக்கு அது பெரிய நிம்மதி.

அப்போ எல்லாரும் மாறிட வேண்டியதுதானே? இங்கதான் நம்ம மூணாவது கேள்வி வருது. நெசவாளருக்கு மாசச் சம்பளம் கிடையாது, புடவைக் கணக்குல கூலி. தறி நின்னா வருமானமும் நின்னுடும். அட்டை கிழிஞ்சா இன்னொரு அட்டையை அடிச்சு, நடுவுல கோர்த்துக் கட்டிடலாம். கொக்கி வளைஞ்சா கண்ணுக்குத் தெரியும், உள்ளூர்லயே சரி பண்ண ஆள் உண்டு. கன்ட்ரோல் போர்டு போச்சுன்னா? கம்பெனி ஆள் வரணும், ஸ்பேர் வரணும், கரண்ட் இருக்கணும். மில்லிசெகண்ட் கணக்குல வேகமான கருவி, ரிப்பேர்னா நாள் கணக்குல நிக்கலாம்.

இன்னொண்ணு, டிசைன். அட்டைக் கட்டைத் திருடிட்டுப் போறது கஷ்டம். 14 கிலோபைட் ஃபைலை ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல அனுப்பிடலாம், அது எந்த விசைத்தறிக்கு வேணும்னாலும் போகும். 1985-ல வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் குறிப்பிட்ட சில வகைகளைக் கைத்தறிக்குன்னே ஒதுக்குச்சு. முதல்ல 22 வகை இருந்தது, பின்னாடி 11 ஆச்சு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. ஆனா சட்டமும் குறியீடும் பேரையும் தறியையும் காக்கறதுக்கு வந்தது. ஃபைல் காப்பி ஆகறதை ஒரு முத்திரை மட்டும் தடுத்துடாது.

இதுக்காக யாரும் அடைக்கே திரும்பிப் போகணும்னு நான் சொல்ல வரலை. ஒரு முட்டிவலிக்காரர்கிட்ட போய்ப் பழைய முறைதான் அழகுன்னு சொல்றதுக்கு நமக்கு எந்த உரிமையும் கிடையாது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு கொடுக்கறவங்க, அது கூடவே அந்த ஊர்லயே அதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச நாலு பேரையும், மாத்திப் போட போர்டையும் கொடுக்கணும். காஞ்சிபுரத்துல நெசவாளர் சேவை மையம் இருக்கு, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கு, சுத்துவட்டாரத்துல இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமே இல்லை. சால்டரிங் தெரிஞ்ச பசங்களும் தறி தெரிஞ்சவங்களும் ஒரே மேஜையில உட்கார்ந்தா, பாதி பிரச்சினை தீரும்.

சரி, கேபினெட்டுக்கு வருவோம். ஒருத்தர் மட்டும், சாதாரணமா ஆட, மலிவான யுஎஸ்பி போர்டு போதும். ரெண்டு பேர் சண்டை கேம்னா பட்டனுக்குத் தனித்தனி இன்புட் இருக்கற போர்டு எடுங்க, கீபோர்டை உடைக்காதீங்க. ரெண்டுக்கும் நடுவுல குழப்பம்னா, பின் மேப்பிங்கும் ஃபர்ம்வேரும் வெளிப்படையா இருக்கிற போர்டைப் பாருங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அது கெட்டா, நீங்களே திறந்து பார்க்கலாம்.

உங்கள்ல யார் வீட்லயாவது தறி இருந்தா, மேல இருக்கிறது அட்டையா பென் டிரைவானு எழுதி அனுப்புங்க. கடைசியா அதை ரிப்பேர் பண்ணினது யாருன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.