இரும்புக்கை மாயாவி: தமிழில் அறிவியல் சாகசச் சித்திரக்கதை

அறிவியல் கற்பனையும் சாகசமும் கலந்த நாயகர் சித்திரக்கதைகள் தமிழில் வேரூன்றிய இடம் சிவகாசி. 1972-இல் எம். சௌந்திரபாண்டியன் அங்கிருந்து வெளியிட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. தொடக்ககால ஆசிரியர் முல்லை தங்கராசன்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 1962 அக்டோபரில் ‘வேலியண்ட்’ வார இதழில், கென் புல்மர் எழுத, ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேல் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். ஆய்வுக்கூட விபத்தில் கடும் மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைகிறது. இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. மறைந்த நிலையும் சில நேரமே நீடிக்கும், மறுபடி மின்சாரம் தேவை. கதையின் உயிர் இந்தக் குறைகளில்தான் இருக்கிறது. எல்லாம் வல்லவனுக்காக யாரும் பதறுவதில்லை. அந்தரத்தில் தெரியும் கையை எதிரி பார்த்துவிடுவானோ என்று பக்கத்துக்குப் பக்கம் பதறினோம். முதலில் குற்றவாளியாக அலைந்த கிராண்டேல், பின்னர் நிழற்படையின் உளவாளி ஆனார். இங்கிலாந்தில் வாரம் சில பக்கங்களாக வந்ததைத் தமிழ்ச் சிறுவர்கள் முழுப் புத்தகமாக ஒரே மூச்சில் படித்தார்கள்.

1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். குற்றச் சக்கரவர்த்தியாகத் துடித்த ஸ்பைடரும், கோட்டை வடிவக் காலயந்திரத்தில் யுகம் யுகமாகப் பயணித்த எந்திர மனிதன் ஆர்ச்சியும் அதில் வந்தார்கள். ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். அதே மாதம் தொடங்கிய ராணி காமிக்ஸ், தினத்தந்தி நிறுவனத்தின் வெளியீடு. ஆனால் ராணி காமிக்ஸின் பலம் ஜேம்ஸ் பாண்ட், முகமூடி வீரர் மாயாவி (இவர் வேறு மாயாவி) போன்றோரே. அறிவியல் கற்பனையை விடாமல் வளர்த்தது சிவகாசிதான்.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரும்புக்கை மாயாவி சிறுவர் கைகளில் இருந்தார். தமிழ் அறிவியல் புனைவின் வரலாற்றை எழுதுவோர் நாவல், சிறுகதையோடு நின்றுவிடாமல் இந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.