போர்–ஸ்ட்ரோக் விகிதம்

எஞ்சின் சிலிண்டரின் உள்விட்டம் போர். அதற்குள் பிஸ்டன் மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை செல்லும் தூரம் ஸ்ட்ரோக். முன்னதைப் பின்னதால் வகுத்துக் கிடைப்பது போர்–ஸ்ட்ரோக் விகிதம். அது ஒன்றைத் தாண்டினால் ஷார்ட் ஸ்ட்ரோக், ஒன்றுக்குக் கீழே இருந்தால் லாங் ஸ்ட்ரோக். டர்போ இல்லாத எஞ்சினில் இந்தத் தேர்வு மிக முக்கியமானது. காற்றை வெளியிலிருந்து அழுத்தித் திணிக்க வழியில்லாததால், ஒரே சி.சி.யில் கூடுதல் திறன் வேண்டுமென்றால் எஞ்சினை வேகமாகச் சுழற்றத்தான் வேண்டும்.

சுழற்சிக்கு இரண்டு தடைகள் உண்டு. பிஸ்டன் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புவதால் கனெக்டிங் ராடு மீது விழும் இழுவிசை, சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. இதைக் கணிக்கப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் எளிய அளவு, பிஸ்டனின் சராசரி வேகம். சாலைக் கார்களில் விநாடிக்கு 25 மீட்டரைச் சுற்றியே அது முட்டி நிற்கிறது. இரண்டாவது தடை மூச்சு. போர் பெரிதானால் பெரிய வால்வுகள் வைக்கலாம். சிறிதானால் உயர்சுழற்சியில் காற்று உள்ளே வர நேரமும் இடமும் போதாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்த சார்லஸ் ஃபயெட் டெய்லர், வால்வைக் கடக்கும் காற்றின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு ஒரு குறியீடு வகுத்தார். அது ஏறக்குறைய 0.6-ஐத் தாண்டியதும் சிலிண்டர் நிரம்புவது சரியத் தொடங்குகிறது.

அறிவியல் இப்படி இருக்க, முதல் ஐம்பது ஆண்டுகளில் இந்த அளவுகளைப் பெரும்பாலும் தீர்மானித்தவை வரியும் பந்தய விதிகளுமே. பிரான்சின் சிறு கார் பந்தயங்களில் போருக்குத்தான் வரம்பு வைத்தார்கள், ஸ்ட்ரோக்கை விட்டுவிட்டார்கள். விளைவாக 1910-இல் லயன்-பெஜோ நிறுவனம் 80 மி.மீ. போரும் 280 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட வி-ட்வின் எஞ்சினோடு களமிறங்கியது. பிரிட்டனில் 1921 முதல் காருக்கான வரி, போரின் இருமடியைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கிடப்பட்டது. ஸ்ட்ரோக்குக்கு அதில் இடமே இல்லை. ஆஸ்டின் செவன் காரின் 747 சி.சி. எஞ்சின் ஏறக்குறைய 56 × 76 மி.மீ. என ஒல்லியாக வளர்ந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். 1940-களின் கடைசியில் அந்த வரி போன பிறகும் பழக்கம் சட்டென்று போய்விடவில்லை; 1948-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. எஞ்சினும் 83 × 106 மி.மீ.தான். முறிவு 1959-இல் ஃபோர்டு ஆங்லியாவோடு தெளிவாகத் தெரிந்தது: 997 சி.சி., போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 48 மி.மீ.

அமெரிக்காவில் பந்தய விதியே நல்லதொரு தேர்வைச் செய்ய வைத்தது. 5 லிட்டருக்கு உட்பட்ட டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காக, ஷெவர்லே 1967-இல் தன் 327 கன அங்குல எஞ்சினின் போரையும் 283 எஞ்சினின் ஸ்ட்ரோக்கையும் இணைத்தது. கமாரோ இசட்/28-இன் 302 அப்படிப் பிறந்தது. 101.6 × 76.2 மி.மீ. என்ற அதன் அளவு, கைவசம் இருந்த பாகங்களை அறிவோடு சேர்த்ததன் பலன்.

ஷார்ட் ஸ்ட்ரோக் இல்லாமல் உயர்சுழற்சி இல்லை என்ற நம்பிக்கையைக் கலைத்தது ஹோண்டா. 1964-இன் எஸ்600, 54.5 × 65 மி.மீ. என்ற லாங் ஸ்ட்ரோக் எஞ்சினில் 8,500 சுற்றில் 57 பி.எஸ். தந்தது. 1989-இல் வந்த பி16ஏ (81 × 77.4) லிட்டருக்கு 100 பி.எஸ். என்ற எல்லையைத் தொட்டது. 1995-இன் இன்டெக்ரா டைப் ஆர் அதே 81 மி.மீ. போரில் ஸ்ட்ரோக்கை 87.2-ஆக நீட்டியும் 8,400 சுற்றுவரை ஓடியது. விகிதம் மட்டும் எஞ்சினின் தலையெழுத்து அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. நல்ல ஹெட், உயர்சுழற்சியில் வேறு கேமுக்கு மாறும் விடெக் அமைப்பு, வலுவான ராடு ஆகியவை சேர்ந்தே அந்த வேகத்தைத் தாங்கின.

1999-இன் எஸ்2000 காரில் இருந்த எஃப்20சி இந்த மரபின் உச்சம். 87 × 84 மி.மீ., ஏறத்தாழ சதுரம். 9,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25.2 மீட்டர், மேல்முனையில் பிஸ்டன் அனுபவிக்கும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 4,000 மடங்குக்கும் மேல். இதோடு ஃபார்முலா 1-ஐ ஒப்பிட்டால் வியப்பு மிஞ்சுகிறது. 2006-இல் வந்த 2.4 லிட்டர் வி8 விதியில் போருக்கு உச்சவரம்பு 98 மி.மீ.; அந்த வரம்பை எட்டினால் ஸ்ட்ரோக் 40-க்கும் சற்றுக் குறைவு. பின்னர் நிர்ணயிக்கப்பட்ட 19,000 சுற்று எல்லையிலும் அதன் பிஸ்டன் வேகம் அதே 25.2 மீட்டர்தான். எட்டு சிலிண்டரும் சுருங்கிய ஸ்ட்ரோக்கும் சுழற்சியை இரட்டித்தன. பிஸ்டனின் வேகம் கூடவில்லை.

ஹோண்டாவே பின்னர் சற்றுப் பின்வாங்கியது. 2004-இல் அமெரிக்கச் சந்தைக்கான எஸ்2000-இல் ஸ்ட்ரோக்கை 90.7 மி.மீ.க்கு நீட்டி 2,157 சி.சி. எஞ்சினை வைத்தது, எல்லை 8,000 சுற்றுக்கு இறங்கியது, நடுச்சுழற்சியில் இழுவை கூடியது. அன்றாட ஓட்டத்துக்கு அது மேலான எஞ்சின் என்றே கருதலாம்.

பெரிய போருக்கும் விலை உண்டு. எரியறை தட்டையாகிச் சுடர் செல்லும் தூரம் கூடுகிறது, வெப்பம் சுவர்வழி வெளியேறுகிறது, எரியாத ஹைட்ரோகார்பன் மிஞ்சுகிறது, எஞ்சினும் நீளமாகிறது. அதனால் சிக்கனமும் மாசுக்கட்டுப்பாடும் முதன்மையான காலத்தில் பொதுக் கார்கள் மறுபடி லாங் ஸ்ட்ரோக்குக்குத் திரும்பின: டொயோட்டாவின் 2.5 லிட்டர் ஏ25ஏ எஞ்சின் 87.5 × 103.4 மி.மீ. பைக்குகளில் கதை வேறு. சென்னையில் உருவான பழைய புல்லட் 350-இன் 70 × 90 மி.மீ. எஞ்சினும், ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310-இன் 80 × 62.1 மி.மீ. எஞ்சினும் ஒரே மாநிலத்தில் எதிரெதிர்த் துருவங்களாக நிற்கின்றன.

கார்களில் சுழற்சியை இன்னும் உயர்த்த நினைத்தவர்கள் சிலிண்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். காஸ்வொர்த் நிறுவனம் ஜி.எம்.ஏ. டி.50 காருக்கு உருவாக்கிய 4 லிட்டர் வி12, 81.5 × 63.8 மி.மீ. அளவில் 12,100 சுற்றுவரை செல்கிறது. அங்கும் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 25.7 மீட்டர்.