பூட்டும் சாவியும்

கஞ்சா என்றதும் எனக்குச் சாமியார் கைச் சிலும்பிதான் ஞாபகம் வரும். ஆனால் கல்கத்தாவில் ஓஷானெஸி என்ற ஐரிஷ் டாக்டர் அதைத் தனுர்வாதம் கண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1839-ல் அந்த விவரத்தை எழுதினார். வில்லாய் வளைந்த உடம்பு தளர்ந்தது, சிலர் பிழைத்தார்கள். எப்படி என்று அவருக்கே தெரியாது.

1988-ல்தான் எலியின் மூளையில் கஞ்சாச் சத்து போய்ப் பொருந்தும் ஏற்பி அகப்பட்டது. சாவிக்கேற்ற பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990-ல் ஹெர்கன்ஹாமும் சகாக்களும் குரங்கு மூளையிலும் மனித மூளையிலும் அதைக் கண்டார்கள். அசைவை ஆளும் நரம்பு முடிச்சுகளிலும் சிறுமூளையிலும் அது மண்டிக் கிடந்தது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் சொற்பம்.

நடுக்குவாதத்துக்கு வழி பிறந்ததென்று பலர் நம்பினார்கள். பரீட்சைகள் இன்னும் உறுதி சொல்லவில்லை. நடுங்கும் கைகளைப் பார்க்கும்போது, அவசரப்படுகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.