பள்ளியோடு வெளிநாடு போகும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும் முன்

2022 நவம்பரில் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை, அரசுப் பள்ளி மாணவர்கள் சிலரை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றது. தனியார் பள்ளிகளும் துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று பிள்ளைகளைக் கூட்டிப் போகின்றன. மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி போன்ற ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு அரிது. அதனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. பயணச் செய்தி பரவிய மறுநாளே பொட்டலங்கள் வரத் தொடங்கிவிடும். மாமாவுக்கு அல்வா, சாச்சிக்குக் கறிமசாலா, பக்கத்து வீட்டார் மகனுக்கு மாத்திரை. மறுக்க நமக்கும் முகம் வராது.

மறுத்தே ஆகவேண்டும். 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த முஸ்லிம் தம்பதியர் கத்தர் விமான நிலையத்தில் பிடிபட்டனர். நெருங்கிய உறவுப் பெண் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் சுமார் 4 கிலோ ஹஷீஷ் இருந்தது. இருவருக்கும் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையிலேயே குழந்தை பிறந்தது. விவரம் அறியாமல் கொண்டுவந்தார்கள் என்பது நிரூபணமாகி, அவர்கள் விடுதலையாகி ஊர் திரும்பியது 2021 ஏப்ரலில்தான். பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் அதிகாரிகள் கேட்பார்கள்.

கெட்ட எண்ணம் இல்லாத பொட்டலமும் ஆபத்தாகலாம். அல்வாவால் தொல்லையில்லை. ஆனால் நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தாலும் சிக்கல்தான். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவற்றுக்கு அங்கே முன் அனுமதி வேண்டும். பிள்ளைக்கே மருந்து தேவை என்றால் கடை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொடுத்து, ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள். சிங்கப்பூர் என்றால் சூயிங்கம்மும் கூடாது, இ-சிகரெட்டும் கூடாது.

அடுத்தது அங்கிருக்கும் உறவினர்கள். ‘ஹோட்டலுக்கு வந்து பிள்ளையை ஒரு ராத்திரி கூட்டிப் போகிறேன்’ என்று பாசத்தில்தான் கேட்பார்கள். மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் ஆசிரியர்தான் அமீர். பார்க்க வருபவர் அவர் அனுமதியோடு ஹோட்டல் வரவேற்பறையில் பார்த்துப் போகட்டும். வெளியே கூட்டிப் போவதாக இருந்தால் புறப்படும் முன்பே பள்ளிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அங்கே போனபின் போனில் கெஞ்சி ஆசிரியரைத் தர்மசங்கடத்தில் மாட்டுவது அழகல்ல.

போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமீரகத்தில் ஒருவரை அவர் அனுமதியின்றிப் படமெடுத்துப் பரப்புவது குற்றம். வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்புவதும் குற்றம். ரீல்ஸ் பழக்கமுள்ள பிள்ளைக்கு இதைப் புரிய வைத்தே அனுப்புங்கள்.

தாமிரபரணியில் நீந்திப் பழகிய பையனுக்குத் தண்ணீரில் பயம் இருக்காது. கடல் இழுப்பு வேறு. கரையில் சிவப்புக் கொடி இருந்தால் கால் நனைக்கவும் கூடாது. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி மாணவர்களும் ஆசிரியர்களுமாக 18 பேர் மாண்டனர். படகு எந்த நாட்டில் ஓடினாலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறக்கூடாது.

தொழுகையை விட்டுவிட வேண்டியதில்லை. பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஃபஜ்ரும் மஃரிபும் அப்படியே. ஷாஃபி மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அப்படிச் சேர்ப்பதில்லை. காயல்பட்டினத்துப் பிள்ளை சேர்த்துத் தொழுவதையும், கூட வந்த ஹனஃபி பிள்ளை தனித்தனியாகத் தொழுவதையும் பார்த்து இருவரும் சண்டையிடாமல் இருக்க, இதை இப்போதே சொல்லிக் கொடுங்கள். உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் இருவருமே முழுமையாகத் தொழ வேண்டும். விமானத்தில் ஹலால் உணவை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கலாம்.

பெண் பிள்ளைகள் மஹ்ரம் இன்றிப் பயணம் போவது குறித்து ஆலிம்களிடையே பேச்சு உண்டு. பணம் கட்டிய பிறகு கேட்பதைவிட, பெயர் கொடுக்கும் முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்பது நல்லது. எத்தனை ஆசிரியைகள் உடன் வருகிறார்கள், யாருடன் அறை என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பாஸ்போர்ட் நகல், ஹோட்டல் முகவரி, ஆசிரியர் எண், வாப்பாவின் எண் இவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். காவல்துறையை அழைக்க அமீரகம், சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் எண் 999. ஆம்புலன்ஸுக்கு அமீரகத்தில் 998, சிங்கப்பூரில் 995.