திரைப்படப் போர்க்காட்சிகளும் தீவகச் சான்றுகளும்

போரைப் பாடாத இலக்கியம் உலகில் அரிது. புறநானூறும் கலிங்கத்துப்பரணியும் தமிழர்க்குப் போரை ஏட்டிலே காட்டின. கூத்து அதனை அரங்கிலே காட்டிற்று. இன்று திரைப்படம் அதனைக் கண்முன்னே கொணர்ந்து நிறுத்துகின்றது. நூலிற் படித்த போரை ஒவ்வொருவரும் தத்தம் மனத்தகத்தே தமக்கேற்றவாறு கட்டிக்கொள்வர். திரையிற் கண்ட போரோ எல்லார்க்கும் ஒரே உருவில் அமைந்துவிடுகின்றது. பாடநூலிற் சோழர் படையெடுப்பைப் பற்றிய ஒரு பந்தியைப் படிக்கும் மாணவன், அப்பந்திக்குரிய உருவத்தை இக்காலத்திற் பெரும்பாலும் திரைப்படத்திலிருந்தே பெறுகின்றான். ஆதலின், திரைப்போர் நம்பத்தக்கதாய் அமைந்துள்ளதா என்னும் வினா பொழுதுபோக்கைப் பற்றிய வினா மட்டுமன்று. வரலாற்றுக் கல்வியையும் தொடுவதாகும்.

நம்பத்தக்கது வேறு, நிகழ்ந்தது வேறு என்பது முதலில் உணரற்பாலது. கதை முழுவதும் கற்பனையாயினும் அதன்கண் வரும் போர் நம்பத்தக்கதாய் இருத்தல் கூடும். நிகழ்ந்த போரே ஆயினும் காட்டும் முறையால் நம்பத்தகாததாய்ப் போதலும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது என்பதனைத் தமிழர் நன்கறிந்த ஒரு கதையைக் கொண்டு ஆராயலாம்.

கல்கி கிருஷ்ணமூர்த்தி அவர்களின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. ஐந்து பாகங்களாய் விரிந்த அந்நாவலை மணிரத்தினம் இரு பாகங்களாகத் திரைப்படமாக்கினார். முதற்பாகம் 2022 செப்டெம்பரிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்பிரலிலும் வெளிவந்தன. நாவல் தொடங்குவது போர்க்களத்திலன்று. ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரை வழியே குதிரையேறிச் செல்லும் ஓர் இளைஞனோடு அது தொடங்குகின்றது. திரைப்படமோ இராட்டிரகூடரோடு நிகழும் பெரும் போரொன்றைத் தொடக்கத்திலே வைத்து, இரண்டாம் பாகத்தையும் பெரும் போரொன்றாலே முடிக்கின்றது. நாவலில் அவ்விரண்டிடத்தும் போர் இல்லை. போர்க்குடியிற் பிறந்தாரைப் பற்றியே எழுதிய கல்கி, போரை நேரே காட்டுவதிற் பெரிதும் சிக்கனம் கையாண்டார். முன் நடந்த போர்களை நினைவாகவும் பிறர் வாய்ச்சொல்லாகவும் கூறுவதே அவர் முறை.

அவர் விரித்துரைத்த போர்களுள் ஒன்று திருப்புறம்பயப் போர். கி. பி. 880 அளவில் நிகழ்ந்த அப்போரிற் பல்லவரும் சோழரும் ஒருபுறமாகவும் பாண்டியர் மறுபுறமாகவும் நின்றனர். கங்க மன்னனாகிய பிருதிவீபதி அக்களத்திலே மாண்டான். நாவலின்படி, தோல்வி நெருங்கிய வேளையில், கால்களின் வலியிழந்த முதியவனாகிய விசயாலய சோழன் களத்துக்கு வருகின்றான். ஏறுதற்கு யானை கேட்கின்றான், யானைப்படை அழிந்துவிட்டது. குதிரை கேட்கின்றான், குதிரையும் எஞ்சவில்லை. ஈற்றில் வீரர் இருவர் தோளில் ஏறி, இரு கைகளிலும் வாளேந்திப் பொருகின்றான். உடலியல் நோக்கில் ஆராய்வார்க்கு இக்காட்சி பெரிதும் ஐயத்துக்கிடமானது. ஆயினும் படிப்போர் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். யானையும் குதிரையும் இல்லாமற் போன பின்னரே மனிதத் தோள் வருகின்றது என்பதே அதற்குக் காரணம். இன்மை முன்னே நிற்றலால் வீரம் பின்னே நம்பப்படுகின்றது.

அந்நாவலின் ஈழப் பகுதியிலும் இவ்வுண்மை காணப்படும். ஈழத்திற் போர்புரியும் சோழப் படைக்கு உணவு அனுப்புவது பற்றியே ஆங்குப் பெரும் பூசல் விளைகின்றது. வென்ற நாட்டிலிருந்தே படை உணவு பெறுதல் வேண்டும் என்பது தஞ்சையில் அதிகாரம் பெற்றிருந்த பழுவேட்டரையர் கொள்கை. அந்நாட்டு மக்களை வருத்தலாகாது என்பது இளவரசன் கொள்கை. வாளோசை கேளாத இப்பூசலைப் படிப்பவர் அங்கே ஒரு போர் நடைபெறுகின்றது என்பதனை ஐயமின்றி நம்புவர். உண்ண வேண்டிய படை மெய்யான படையாகிவிடுகின்றது.

திரைப்படம் இவ்வகையான இன்மைகளை எளிதிலே கைவிட்டுவிடுகின்றது. கணிப்பொறியின் துணையால் நூறு வீரரைப் பதினாயிரவராய்ப் பெருக்கிக் காட்டும் வசதி வந்தபின், குறைவு என்பதனைக் காட்டவேண்டிய தேவையே இல்லாதொழிந்தது. இக்குறை தமிழ்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில ஆசிரியர் டோல்கின் 1937இல் வெளியிட்ட 'ஹொபிற்' என்னும் கற்பனைக் கதையில் ஐந்து படைகளின் போர் சில பக்கங்களிலே முடிந்துவிடும். கதைத்தலைவனாகிய பில்போ கல்லடி பட்டு மயங்கி விழ, போரின் முடிவைப் பிறர் கூறவே அறிகின்றான். 1916இல் சொம் போர்க்களத்தில் நின்றவர் டோல்கின். களத்தில் நிற்பவனுக்குப் போர் முழுமையாய்த் தெரிவதில்லை என்பது அவர் அறிந்ததே. பீற்றர் ஜக்சன் 2014இல் வெளியிட்ட திரைப்படத்திலோ அப்போர் படத்தின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. காண்பவர் எல்லாவற்றையும் காண்கின்றனர். ஆயினும் எதற்கும் அஞ்சுவதில்லை.

அங்ஙனமாயின் மெய்யாக நிகழ்ந்த போர் எத்தகைய சுவடுகளை விட்டுச் செல்கின்றது? இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. கல்கியின் கதைமாந்தர் ஈழம் செல்லக் கடந்த கடலின் கரையிலேயே, யாழ்ப்பாணத்துத் தீவகத்திலேயே, அதற்குரிய சான்றுகள் கிடக்கின்றன.

ஊர்காவற்றுறையின் பழம்பெயர் ஊராத்துறை. இரண்டாம் இராசாதிராச சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய திருவாலங்காட்டுக் கல்வெட்டு இப்பெயரைக் குறிப்பிடுகின்றது. ஈழ மன்னனாகிய முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) சோழநாட்டின்மீது படையெடுக்கும் நோக்கத்துடன் ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களிற் படை திரட்டிக் கப்பல்களும் கட்டுவித்தான் என்பதும், அதனைத் தடுக்கச் சோழர் தரப்பில் அண்ணன் பல்லவராயன் முயன்றான் என்பதும் அக்கல்வெட்டால் அறியப்படும். கப்பல் கட்டும் துறையும் படை திரளும் இடமுமே பகைவனின் முதற்குறியாயின. திரைப்படம் ஒரு நொடியிற் கடந்து செல்லும் ஆயத்தமே அக்காலத்துப் படைத்தலைவர்க்குப் போரின் உயிர்நிலையாய் இருந்தது.

இதனோடு ஒப்புநோக்கற்பாலது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம். அதுவும் அதே பராக்கிரமபாகு பொறிப்பித்ததாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து சேர்தல் வேண்டும், அவர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது. தொடர்ந்து, உடைந்த கப்பல்களைப் பற்றிய ஒழுங்கு கூறப்படுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் கப்பல் உடையுமாயின் காற்பங்கு அரசனது பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. வேறு வாணிகப் பொருள் கொணரும் கப்பல் உடையுமாயின் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன. யானை, குதிரை ஆகியவற்றின்பால் அரசனுக்குள்ள விருப்பமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது சாசனத்திலேயே வெளிப்படுகின்றது. படைவிலங்கைப் பெறுதற்பொருட்டு ஓர் அரசன் தன் வருவாயிற் பாதியை விட்டுக்கொடுக்கின்றான். அவ்விலங்குகள் எத்துணை அரியனவாய் இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கப்பல்கள் உடைந்தமைக்குக் காரணமும் இக்கடலிலேயே உள்ளது. பாக்குக் குடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. தீவுகளைச் சூழ்ந்த இடங்களில் மணற்றிடரும் முருகைக்கற் பாரும் மிகுதி. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்பதனை அறியாத மாலுமி இங்கே கப்பல் செலுத்தல் அரிது. இத்தகைய கடலில் யானையை ஏற்றி வருதல் எளிய செயலன்று. நாளொன்றுக்கு நூறு இலீற்றருக்கு மேல் நீர் பருகும் விலங்கு அது. குதிரையின் நிலையும் அத்தகையதே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகள் தக்க பராமரிப்பின்மையால் விரைவில் மாண்டமையையும், அதனால் ஆண்டுதோறும் புதியன பெருந்தொகையாய் வாங்கப்பட்டமையையும் எழுதியுள்ளார். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திற் குதிரை வளர்த்த இடம் நெடுந்தீவு. அங்கே இன்றும் கட்டற்றுத் திரியும் குதிரைகள் கடும் வறட்சிக் காலத்தில் நீரின்றி மடிதலும் உண்டு. திரையில் ஆயிரம் குதிரைகள் புழுதி எழுப்பிப் பாயும்போது, அவை எங்கிருந்து வந்தன, எங்கே நீருண்டன என்று எவரும் வினவுவதில்லை. அவ்வினாவுக்கு இடமில்லாத களத்திற் குதிரை மடிந்தாலும் காண்போர்க்கு இழப்புத் தோன்றுவதில்லை.

இனி, போரை நம்பத்தகாததாக்கும் வழக்கம் திரைப்படத்தோடு தோன்றியதன்று என்பதும் கூறற்பாலது. பராக்கிரமபாகுவின் தண்டநாயகனாகிய இலங்காபுரன் பாண்டிநாட்டிற் போர்புரிந்து வெற்றியோடு மீண்டான் என்று சூளவம்சம் பாராட்டுகின்றது. அவ்விலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டது என்று சோழர் கல்வெட்டுக் கூறுகின்றது. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. வெற்றியைப் பாடும் பகுதிகளில் இரு திறத்தார் கூற்றையும் ஐயத்துடனேயே கொள்ளல் வேண்டும். ஆனால் அதே போர்க்காலத்துக்குரிய ஆர்ப்பாக்கக் கல்வெட்டு வேறொன்றைக் கூறுகின்றது. ஈழப்படையால் விளையும் தீங்கை எண்ணிக் கலங்கிய சம்புவராயன், உமாபதிதேவர் என்னும் சிவாசாரியாரை வேண்ட, அவர் இருபத்தெட்டு நாள் வழிபாடாற்றினார் என்பது அச்செய்தி. தம்மவரின் அச்சத்தைத் தாமே பொறித்துவைத்த அக்கல்லை எவரும் ஐயுறார். வெற்றி முழக்கத்தினும் அச்சத்தின் பதிவு போரை மெய்யாகக் காட்டுகின்றது.

பிற்காலச் சான்றொன்றும் இங்கே கருதத்தகும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டை போர்த்துக்கேயராற் கட்டப்பட்டது. பின்னர் ஒல்லாந்தரால் ஹமன்ஹீல் எனப் பெயர் பெற்றது. அதன் தோற்றத்தைக் காணும் எந்தத் திரைப்பட இயக்குநரும் பீரங்கி முழக்கத்தையும் மதிலேறும் வீரரையுமே கற்பனை செய்வார். ஆனால் 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது உள்ளிருந்தோரைப் பணியவைத்தது குடிநீரின்மையே. நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை நீரின்றி வீழ்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின், பசியாலும் நோயாலும் நலிந்த யாழ்ப்பாணக் கோட்டையும் பணிந்தது. வற்றிய நீர்த்தொட்டி ஒன்றை மட்டும் திரையிற் காட்டும் துணிவு எந்தப் படத்துக்கு உண்டோ அந்தப் படத்தின் பீரங்கியும் நம்பப்படும்.

தீவகத்தோடு தொடர்புடைய போர்க்கதைகளுள் மிகப் பழையது நாகர் போர். மணி பதித்த ஆசனமொன்றின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருகனும் நாகதீபத்திற் போர்தொடுத்தனர் என்றும், புத்தர் தோன்றி அதனைத் தவிர்த்தார் என்றும் மகாவம்சம் கூறும். மணிமேகலையும் மணிபல்லவத்தில் நாக அரசர் இருவர் பொருத செய்தியைக் கூறும். நாகதீபம் என்னும் பெயர் பண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டையும் குறித்ததாயினும், மரபு இக்கதையை நயினாதீவோடு இணைக்கின்றது. இது வரலாறன்று; முழுக் கற்பனை. ஆயினும் பெரும்போர் முடிவுறும் இடத்தில் இக்கதை வீரனொருவனை நிறுத்தவில்லை. மகாவம்சத்தின்படி, பேரிருளொன்று பரவுகின்றது; படைகள் அஞ்சுகின்றன; பின் ஒளி பிறக்க, பகைத்தவர் ஆசனத்தைத் தம்முட் பங்கிடாது புத்தருக்கே அளித்துவிடுகின்றனர். கற்பனைக் கதையும் அச்சத்தை விலக்காதபோது நம்பத்தக்கதாகின்றது என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

எனவே, திரைப்போரின் நம்பத்தகு தன்மை படையின் தொகையிலோ ஆயுதத்தின் வடிவிலோ மட்டும் தங்கியிருப்பதன்று. படைக்கு எது இல்லை, எதற்கு அது அஞ்சுகின்றது, எதனை இழந்தால் அது மீளாது என்பவற்றிலேயே அது தங்கியுள்ளது. கலைஞன் சாசனங்களுக்கு அடிமையாதல் வேண்டும் என்பது இதன் பொருளன்று. நாவலில் இல்லாத போரைத் திரையிற் சேர்க்க அவனுக்கு உரிமையுண்டு. சேர்க்கும் போருக்கு ஒரு பசியையும் ஒரு தாகத்தையும் கொடுத்தல் அவன் கடமை.

இக்கடமையைப் பிறரினும் கூர்மையாக உணரத்தக்கவர் தீவகத்து மக்கள். 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் அவர்கள் பெருந்தொகையாய் ஊரைவிட்டு நீங்கினர், வீடுகள் பாழடைந்தன, கிணறுகள் தூர்ந்தன. போரை அவ்வாறு அறிந்த குடும்பங்களின் பிள்ளைகளே இன்று போரைத் திரையிற் கண்டு மகிழ்கின்றனர். மகிழ்தல் குற்றமன்று. ஆனால் அவர்களுட் சிலரேனும் நயினாதீவுக் கோயிலிலுள்ள அச்சாசனத்தின் முன் நின்று, உடைந்த கப்பலுக்குப் பங்கு வகுத்த அவ்வரிகளின் பொருளை ஆசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். அங்ஙனம் கேட்டறிந்த மாணவன் அடுத்த முறை திரையில் யானைப்படை அணிவகுக்கக் காணும்போது, அவற்றை ஏற்றிவந்த கப்பல்கள் எத்தனை, கரை சேராதவை எத்தனை என்று எண்ணத் தொடங்குவான்.